கரையிலிருந்து உருளாத லாரி

மதிப்பிற்குரிய ஆங்கிலம்-தமிழ் அகராதியின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்களிடம் உள்ள தங்கள் அகராதிக்கு முன்னட்டை இல்லை. மற்றபடி அதுவும் நலம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆற்றோரம் மண்கரை போடும் இடத்தில், தகரக் கொட்டகை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே மேற்பார்வையாளர் என் சித்தப்பா. தினமும் மாலையில் அன்றைய வேலையை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, படமெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்கும் வராது, ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் தங்கள் அகராதியில் கரைக்கு ஆங்கிலமான ‘எம்பேங்க்மென்ட்’ என்ற சொல்லைத் தேடி, அதன் கீழே உள்ள மூன்று எடுத்துக்காட்டு வாக்கியங்களில் முதலாவதை அப்படியே எழுதினேன். அச்சில் வந்தது தப்பாக இருக்காது அல்லவா?

முதல் வாக்கியத்தில் குழந்தைகள் கரைமேல் விளையாடினார்களாம். வேலை நடக்கும் இடத்தில் குழந்தைகளை யார் விட்டது என்று தலைமை அலுவலக மேலாளர் போனில் சித்தப்பாவைக் காய்ச்சி எடுத்தார். மறுநாள் இரண்டாம் வாக்கியத்தை எழுதினேன். அதில் லாரி என்ற சொல் இருந்தது, எங்களிடமும் லாரி இருக்கிறது, பொருத்தமாகத்தான் பட்டது. ஒரு மணி நேரத்தில் கிரேனும் ஆம்புலன்சும் மேலாளரும் வந்து இறங்கினார்கள். டிரைவர் அண்ணன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“லாரி கரையிலேருந்து உருண்டிடுச்சாமே?” என்றார் மேலாளர்.

“உருண்டிடுச்சா? எங்கிட்ட யாருமே சொல்லலையே சார்” என்றார் டிரைவர் அண்ணன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அகராதியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். சித்தப்பாதான், “அவ வாயே திறக்க மாட்டா சார். எழுத விட்டாத்தான் இப்படி” என்றார்.

“இன்னொரு தடவை பொய் ரிப்போர்ட் வந்துச்சுன்னா நானே வந்து உங்களை வீட்டுக்கு அனுப்பிடுவேன்” என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார் மேலாளர். அன்றிலிருந்து தேதியை மட்டும் எழுதி அனுப்புகிறேன். அதற்கும் திட்டு விழுகிறது. ஐயா, சொல் சொல்லாகத் தேடிப் பார்த்தால், மூன்றாவது வாக்கியத்தில் கரையே உடைகிறது. ஆங்கிலத்தில் கரை போட்டுவிட்டு யாரும் சும்மா வீட்டுக்குப் போவதே இல்லையா? அந்த லாரி வாக்கியத்தை நீக்கிவிட்டு, “கரை வேலை நடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை” என்று ஒன்று சேர்த்தால் எங்கள் சித்தப்பாவின் வேலை பிழைக்கும்.

தங்கள் அடுத்த பதிப்பு அட்டை கிழியாமல் நெடுங்காலம் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
கொட்டகையில் எழுதும் பெண்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் லாரி உண்மையாகவே கரையிலிருந்து உருண்டுவிட்டது. டிரைவர் அண்ணன் குதித்துவிட்டார், முழங்காலில் சிராய்ப்புதான். வேறு வழியில்லாமல் அதே இரண்டாம் வாக்கியத்தை அனுப்பினேன். “மறுபடியும் அதே கதையா? காலையில் வருகிறேன், உன் சித்தப்பாவைத் தயாராக இருக்கச் சொல்” என்று மேலாளரிடமிருந்து பதில் வந்தது. சித்தப்பா லாரியைச் சுற்றிக் கயிறு கட்டி, “அவர் வந்து பார்க்கிற வரைக்கும் ஒருத்தரும் தூக்கக் கூடாது” என்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை. ஆகவே ஐயா, அந்த வாக்கியத்தைத் தயவுசெய்து நீக்க வேண்டாம்.