நாற்பது மணி நேரம் ஓடியாக வேண்டும்

டெக்ஸஸ் மாநிலத்திலேயே ஒரு டிராக்டருக்கு வேலை கேட்டு வீடு வீடாகப் போன ஒரே மனிதர் எங்கள் மணிக்கணக்கு அங்கிள்தான். இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன்.

ஃபிரிஸ்கோவில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். ரிட்டயர் ஆனதும் வடக்கே ஐந்து ஏக்கர் நிலம், ஒரு பழைய டிராக்டர், அதை இழுத்துப் போக ஒரு டிரக் என்று வாங்கிவிட்டார். கோவில் அன்னதானத்துக்குக் கத்திரிக்காயும் கீரையும் போட வேண்டும் என்பது அவர் வேண்டுதல். பூஜை போட்ட அன்று அர்ச்சகர் கேட்டார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

"டிராக்டர் பேருக்கு."

"நட்சத்திரம்?"

"வாங்கின அன்னிக்கு உத்திரட்டாதி, சாமி."

நாலு டயருக்கு அடியில் வைத்த நாலு எலுமிச்சம்பழத்தையும் அன்றைக்கே செலவு நோட்டில் எழுதிக்கொண்டார்.

டிரக்குக்கு மைல் கணக்கு. ஒருநாள் என்னைக் கோவிலில் இறக்கிவிட்டு, "இந்த ட்ரிப்புக்கு டயர் தேய்மானத்தோட ஆறு டாலர் இருவது சென்ட்மா" என்றார். நான் பதறிப் பர்ஸைத் திறந்தேன். "சேச்சே, காசா கேட்டேன்? தெரிஞ்சுக்கோன்னு சொன்னேன்" என்று கோபித்துக்கொண்டார்.

வம்பு வந்தது டிராக்டரால்தான். ஆன்ட்டி பேங்க்கில் வேலை பார்த்தவர். ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இன்சூரன்ஸ், தேய்மானம், கொட்டகை எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு இரண்டாயிரம் டாலர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது உண்டு. டீசல், ஆயில் தனியாக மணிக்குப் பத்து.

"இருவது மணி நேரம் ஓட்டியிருக்கீங்க. அப்போ மணிக்கு நூத்திப் பத்து டாலர். வாடகை டிராக்டர் ஆளோட சேர்த்தே அறுவதுதான். டிசம்பருக்குள்ள அறுவதுக்கு வரலைன்னா வித்துடணும்."

நாற்பது மணி நேரம் ஓடினால் அறுபதுக்கு வந்துவிடும். அங்கிள் கிளம்பிவிட்டார்.

நான் ஒரு கூடை உரமண் கேட்டேன். டிரக், டிரெய்லர், மேலே டிராக்டர், அதன் வாளியில் ஒரே ஒரு கூடை மண் என்று ஊர்வலமாக வந்து இறங்கினார். தெருவில் டிராக்டர் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்து எச்.ஓ.ஏ.காரர்கள் கடிதம் அனுப்பினார்கள். மழையில் கோவில் பின்பக்கச் சேற்றில் ஒரு கார் சிக்கியது. அதை வெளியே இழுத்துவிட்டு, "வேற யாரும் மாட்டிக்கலையா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

"சும்மா இன்ஜினை ஆன் பண்ணி நிறுத்திடுங்களேன் அங்கிள், மணி மீட்டர் ஓடிடுமே" என்றேன்.

"வேலை செய்யாம மணி ஏத்தறதா? பெருமாள் பார்த்துட்டிருக்கார்மா!"

அக்டோபரில் அந்த வருஷத்து மீட்டர் கணக்கு முப்பத்தொன்றைத் தொட்டபோது அவருக்கு முட்டி ஆபரேஷன். மூன்று மாதம் வண்டியில் ஏறக் கூடாது. பார்க்கப் போனோம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். டீசல் விலையைக் கூடக் கேட்கவில்லை.

டிசம்பரில், மாசிக் கீரைக்கு நிலத்தை உழ வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரைத் தவிர வேறெதையும் தொடாத என் வீட்டுக்காரரைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து டிராக்டரில் ஏற்றிவிட்டேன். அங்கிள் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்தினார். "நேரா போப்பா! கோலமா போடறே?"

நாலு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் உழுதார். மீட்டர் முப்பத்தொன்பதரை. அரைமணி பாக்கி இருக்கும்போது இவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாள் ஜனவரி ஒன்று.

ஆன்ட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறினார்.

"இதுல பிரேக் எது?"

"நீ எதுக்கு ஏறினே? விக்கணும்னவளே நீதானே!"

"கணக்கு கணக்குதான். பிரேக் எதுன்னு சொல்லுங்க!"

அந்த அரைமணியில் ஒரு வேலிக்கம்பம் போனது. அங்கிள் அதையும் செலவில் எழுதினார். எழுதும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார்.

இப்போது முட்டி தேவலை. புது வருஷத்துக்கு மறுபடி நாற்பது மணி. வாரம் ஒருமுறை வாசலில் நின்று, "ஏதாவது வேலை இருக்காம்மா?" என்று கேட்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. என் எலுமிச்சை மரம் இதுவரை மூன்று இடம் மாறிவிட்டது.