மானியத்தின் காற்றாலை

அரசாங்கம் ஒரு திட்டத்தை யோசித்து முடிப்பதற்குள் அதற்கு மனு கொடுத்துவிட்டு வாசலில் நிற்கக்கூடியவர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். எங்கள் மரக்காணத்துக்காரர். அவருடைய சொந்தப் பெயர் மனுக்களில் மட்டும்தான் இருந்தது. ஊருக்கு அவர் 'மானியம்'.

மாடு இல்லாமலே சாண எரிவாயுவுக்கு மனு போட்டவர். கிணறு இல்லாமலே சொட்டுநீர்க் குழாய்க்குப் போட்டவர். எல்லாவற்றையும் எழுதியது நான். 2005-ல் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும், பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அந்தக் கர்வத்தில் ஒரு கமா தப்பாமல் எழுதுவேன். ஒரு கமா குறையாமல் மனு திரும்பி வரும்.

"வேற யார்கிட்டயாவது குடுங்களேண்ணா."

"உன் எழுத்தைப் பாத்தா ஆபீசரு எழுந்து நிப்பாரும்மா."

"இதுவரைக்கும் உக்காந்துதானே இருக்காரு."

"அது மூட்டுவலியா இருக்கும்."

அப்படியிருக்க, சின்னக் காற்றாலை வைத்து மின்சாரம் எடுத்தால் மானியம் என்று ஒரு திட்டம் வந்தது. முதலில் நம் பணத்தில் வைக்க வேண்டும். அதிகாரி வந்து அது ஓடுவதைப் பார்த்த பிறகுதான் பணம். மானியம் தன் மொபெட்டை விற்று, குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில் ஒரு காற்றாலையை நட்டார். அங்கே உப்பு வாருகிற பெண்கள் விடிவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். கால் வைக்கும் இடம் தெரியாத இருட்டு. அவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. கொட்டகையில் முதன்முதலாக ஒரு பல்பு எரிந்தது.

அதிகாரி அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று மாதங்கள் போயின. எங்கள் ஊர் உப்புக்காற்று புது சைக்கிளையே பழைய சைக்கிளாக்கிவிடும். மானியத்துக்குக் கவலை பிடித்துக்கொண்டது. மழைக்கு உப்புக் குவியலை ஓலை போட்டு மூடுவது உப்பளத்து வழக்கம். அவர் காற்றாலையையும் அப்படியே பனையோலையால் மூடிக் கட்டிவிட்டார். தூரத்தில் பார்த்தால், முடிவெட்டக் காசில்லாத ஆள் நிற்பதுபோல் இருந்தது.

"லைட்டு எங்கண்ணா?" என்று அம்மா கேட்டாளாம்.

"ஆபீசரு பாத்தப்புறம் எரியும்."

ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் வந்தது. ஓலையைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு காக்கைக் கூடு. ஓலையில் தேங்கிய ஈரத்தில் இரும்பெல்லாம் துரு. அதிகாரியின் தொப்பியையே பறிக்கிற காற்று அடித்தும் இறக்கை அசையவில்லை.

"ஏம்பா, காத்தாலைக்கு எதுக்குக் கூரை?"

"காத்து படாம வெச்சிருந்தேன் சார்."

அதிகாரி தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஓடுனா எழுதிப் போடு" என்று சொல்லி ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாள் மானியம் நடந்தே கடைக்கு வந்தார். "துருவுக்கு ஏதாச்சும் மானியம் இருக்குதாம்மா?"

எனக்கு உண்மையிலேயே அலுத்துவிட்டது. "இனிமே ஒண்ணும் எழுத மாட்டேண்ணா. மொதல்ல அதை ஓட விடுங்க. மூடி வெக்கிறதுக்கு அது உப்பா?"

கையில் இருந்த வெள்ளைத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு வரவில்லை. கடை நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு காலை அம்மா வேலை முடிந்து வந்து சொன்னாள்: "லைட்டு எரியுதுடி. கூட்டை அப்படியே தூக்கிப் பனைமரத்துல வெச்சிட்டு, எண்ணெய ஊத்தி ஊத்தி ஓட வெச்சிட்டாரு. துரு புடிச்சா புடிக்கட்டும்னுட்டாரு. அது போடுற சத்தத்துல காதுதான் வலிக்குது."

"ஆபீசருக்கு எழுதிப் போட்டாராமா?"

"நீதான் மாட்டேன்னுட்டியாமே."

கடையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு தாளை எடுத்தேன். அவர் கேட்காமலே நான் எழுதிய ஒரே மனு அது. அனுப்புநர் இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். பழைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டேன். பிறகு, எழுதுவது அவர் பெயரில் என்பதையே மறந்து, கடைசி வரியை எழுதிவிட்டேன். அதை அடிக்கவும் மனம் வரவில்லை.

'ஐயா, இப்போது ஓடுகிறது. என் அம்மா பார்த்தார்.'