கேள்விக்குறிக்குப் பின்னால் எவனோ எழுதிய முகவரி

கும்மிடிப்பூண்டி
13.9.2008

சிரஞ்சீவி மருமகன் அன்புசெல்வனுக்கு, உன் தாய்மாமன் துளசிராமன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான் நலம். உன் நலத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை; ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் கேட்கிறேன். போன் என்றால் நீ நடுவில் பேசுவாய், அதனால்தான் கடிதம்.

புதன்கிழமை போனில், "மாமா, நீயே எதையாவது தப்பா ஒட்டியிருப்ப. சங்கத்துல மன்னிப்பு கேட்டுட்டு ராஜினாமா பண்ணிடு" என்றாய். முடியாது. பதினோரு வருடமாக இந்தச் சிறுபட்டறை உரிமையாளர் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவன் நான்.

நடந்ததைக் கேள். நீ செய்துகொடுத்த வலைத்தளத்தில் எந்த லிங்க்கைத் தட்டினாலும் முதலில் சங்கத்தின் பக்கத்துக்கு வந்துதான் வெளியே போகும், யார் எங்கே போனார்கள் என்ற எண்ணிக்கை நமக்குக் கிடைக்கும் என்றாய். "நம்ம அட்ரஸ், அப்பால ஒரு கேள்விக்குறி, அதுக்குப் பின்னால போவேண்டிய அட்ரஸ ஒட்டு மாமா. கூட்டிக்கினு போய் வுட்டுடும்" என்று சொல்லிக்கொடுத்ததும் நீதான். திங்கட்கிழமை அலுவலக டைப்பிஸ்ட் ரோசம்மாள் லீவு. பொதுக்குழு அழைப்பிதழை அவள் ஏற்கெனவே வேறொரு தளத்தில் ஏற்றி வைத்திருந்தாள். அதன் முகவரியை நானே கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டி, எண்பத்தாறு உறுப்பினர்களுக்கும் ஈமெயில் அனுப்பினேன். தட்டிய அத்தனை பேரும் போய் நின்ற இடம் மறுமணத்துக்கு வரன் பார்க்கும் தளம். அதிலும் முகப்புப் பக்கம்கூட இல்லை. பொதட்டூர்பேட்டையில் ஆசிரியையாக இருக்கும், கணவரை இழந்த, ஐம்பத்தொரு வயது அம்மா ஒருவரின் பக்கம், படத்தோடு! மற்றவர்கள் சொல்லித்தான் இதுவும் எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கத்தைக் கண்ணால் கண்டதில்லை.

நேற்று பொதுக்குழு. ஸ்பிரிங் பட்டறை அரசப்பன் எழுந்து, "இன்னா செக்ரட்டரி, பொண்ணு பாக்கறது சங்கத்துக்கா, உனக்கா?" என்றான். டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். உன் அத்தை போய்ச்சேர்ந்து ஆறு வருடமான மனிதனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! போதாததற்கு என் ராஜினாமா கடிதத்தை அவனே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தான், கையெழுத்து மட்டும் நான் போட்டால் போதுமாம். அதை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அடியில் செருகினேன். மேசை ஆடவில்லை, நானும் ஆடவில்லை.

"ரோசம்மா, அந்தக் கம்ப்யூட்டர இப்டித் திருப்பு" என்றேன். சங்கத்தின் முகவரியை அடித்து, கேள்விக்குறி போட்டு, அதற்குப் பின்னால் கிரிக்கெட் ஸ்கோர் பக்கத்தின் முகவரியை ஒட்டச் சொன்னேன். தட்டியதும் ஸ்கோர் வந்து நின்றது.

"பாத்துக்கினீங்களா? முன்னால நம்ம பேரு. பின்னால எவன் இன்னா எழுதினாலும் அங்க போவுது, கேக்க ஆள் இல்ல. எவனோ வாலை மாத்திட்டான். அதுக்கு நான் ஏன்யா ராஜினாமா பண்ணணும்?" என்று அரசப்பனைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

ரப்பர் வாஷர் செய்யும் தாவீதுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்ப சங்கத்துப் பேர நம்பி என் கஸ்டமர் தட்டுனா, பாஸ்வேர்டு திருடற எடத்துக்குக்கூட இட்டுக்கினு பூடுவானா?"

"பூடுவான்" என்றேன். சிரித்தவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டரைப் பார்க்க எழுந்து வந்தார்கள்.

அப்போது ரோசம்மாள் சொன்னதைக் கேள்: "சார், அட்ரஸ ஏன் வெளிய காட்டணும்? கேள்விக்குறிக்குப் பின்னால வெறும் நம்பர் போடுவோம். எந்த நம்பருக்கு எந்த அட்ரஸுன்னு நம்ம லிஸ்ட்டுல இருக்கட்டும். லிஸ்ட்டுல இல்லாதது எங்கயும் போவாது." டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த பெண்ணுக்குத் தோன்றியது, பி.இ. படித்த உனக்குத் தோன்றவில்லை. கேட்டால் "எல்லாரும் இப்டித்தான் மாமா எழுதறாங்க" என்கிறாய். எல்லாரும் கேட்டைத் திறந்து போட்டிருந்தால் நானும் என் பட்டறை வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமா? ஒரு வாரத்துக்குள் மாற்று. மன்னிப்புக் கேட்க வேண்டியது நீ. நான் கேட்கமாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலையில் உயர்ந்து, புத்தியிலும் சற்று உயர்ந்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
குற்றமற்ற உன் மாமன்,
துளசிராமன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரோசம்மாள் வந்து, "சார், திங்கக்கெழம காலைல நீங்க அந்தப் பக்கத்த நாலு வாட்டி தொறந்திருக்கீங்க" என்று என் கம்ப்யூட்டரில் இருந்த பதிவைக் காட்டினாள். நாலு அல்ல, ஐந்து. ஒரு தடவை அவள் மிஷினில். அந்தப் பக்கத்தின் முகவரியைப் பத்திரப்படுத்திக்கொள்ளக் காப்பி செய்திருந்தேன். பிறகு அழைப்பிதழின் முகவரியைக் காப்பி செய்ததாக நினைத்தேன், ஆகவில்லை போலிருக்கிறது; முதலில் எடுத்ததே ஒட்டிக்கொண்டது. எவனும் எதையும் மாற்றவில்லை. அரசப்பனுக்குப் போன் போட்டு ஒத்துக்கொண்டுவிட்டேன். பார்த்தேன்தான், அதில் என்ன தப்பு? ஊரே தன் படத்தைப் பார்க்கும்படி ஆனதற்கு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு முன்பே எழுதியிருந்தேன். "எண்பத்தாறு பேர் பார்த்ததாகச் சொல்கிறீர்கள், எழுதியது நீங்கள் ஒருவர்தான்" என்று இன்று பதில் வந்திருக்கிறது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டை போகிறேன், நீயும் வா. உன் அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது.