டெனருக்கு ஜலதோஷம் இல்லை

"எங்கள் அன்புக்குரிய டெனர் எர்மேத்தே பொன்ஃபாத்தி அவர்களுக்குக் கடும் ஜலதோஷம். ஆனாலும் உங்கள் மேல் உள்ள பாசத்தால் இன்று பாடச் சம்மதித்திருக்கிறார். ரசிகப் பெருமக்கள் பெரிய மனது பண்ணி..."

"நிறுத்துங்க," என்றார் எர்மேத்தே. "யாருக்கு ஜலதோஷம்?"

"உங்களுக்குத்தான்," என்றார் அரங்கின் மேலாளர் சவொரீனி. அவர் எர்மேத்தேயின் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை திரைக்கு முன்னால் பேசப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஜலதோஷம் இல்ல."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கேலரிக்குத் தெரியக்கூடாது."

விஷயம் இதுதான். போன சனிக்கிழமை புது ஓபராவின் முதல் காட்சி. மூன்றாம் அங்கத்தில் உப்புக் கடத்தல்காரன் தூக்குமேடைக்குப் போகுமுன் காதலியை நினைத்து ஒரு பாட்டுப் பாடுவான். ஓபராவில் காதலன் வேஷம் எப்போதும் டெனருக்கு, அதாவது ஆண் குரல்களில் உச்சத்தில் பாடுகிறவனுக்குத்தான். அறுபதை நெருங்கினாலும், வயிறு அவருக்கு முன்னால் மேடைக்கு வந்தாலும் சரி. பாட்டின் உச்சியில் ஒரே ஒரு ஸ்வரம். ஊரே அதற்காகத்தான் வரும். எர்மேத்தே அதை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். அது கல் தரையில் விழுந்த கோப்பை மாதிரி உடைந்தது. கேலரி விசிலடித்தது. அங்கே விசில் பாராட்டு இல்லை, இறங்கிப் போ என்று அர்த்தம்.

அந்த ஊர்க் கேலரியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கூரைக்குக் கீழே மரப்பலகை போட்ட மலிவு இடம். கசாப்புக்காரர், சீஸ் வியாபாரி, தபால்காரர், துணி வெளுப்பவர் எல்லாரும் ரொட்டியும் சலாமி இறைச்சியுமாக வந்து உட்காருவார்கள். கீழே வெல்வெட் நாற்காலிக்காரர்கள் கைதட்டலாமா வேண்டாமா என்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். ஒரு தடவை விசில் வாங்கினவன் தலை தப்பலாம். அதே வேஷத்தில் இரண்டாவது தடவை வாங்கினால், மிச்சக் காட்சிகளெல்லாம் வேறொருவனுக்குப் போய்விடும். மோதெனாவிலிருந்து ஒரு இளம் டெனர் ஏற்கெனவே பெட்டி கட்டி வைத்திருந்தான்.

"நோயாளியைக் கேலரி விசிலடிக்காது," என்றார் சவொரீனி. "அது மரியாதை. எல்லா டெனரும் இதைத்தான் பண்றாங்க. நீங்க மட்டும் என்ன ஆகாயத்துல இருந்தா குதிச்சீங்க?"

"சனிக்கிழமை உடைஞ்சது என் குரல். நல்லா இருந்த தொண்டையில இருந்து வந்துதான் உடைஞ்சுது. அவங்க அடிச்ச விசில் நியாயமான விசில். அதுக்கு நான் மூக்கைச் சிந்திக்கிட்டு கர்ச்சீப்புக்குப் பின்னாடி ஒளியணுமா? லிஸ்பன்ல பாடினேன், புவெனஸ் ஐரெஸ்ல பாடினேன், எங்கேயும் ஒளியல. சொந்த ஊர்ல ஒளிவேனா?"

"கொஞ்சம் தாமதமாயிடுச்சே," என்று சவொரீனி தொப்பியை எடுத்துக்கொண்டார். "உங்களுக்கு ஜலதோஷம்னு காலையிலேயே ஊர் பூரா சொல்லிட்டேன்."

அவர் போனதும் எர்மேத்தே எழுந்தார். ஆணியில் தொங்கிய தன் கம்பளிக் கழுத்துத்துண்டை ஒரு பார்வை பார்த்தார். டெனர் என்பவன் செப்டம்பரில் அதைச் சுற்றினால் மே மாதம்தான் அவிழ்ப்பான். அதை எடுக்காமலே கதவைத் திறந்தார்.

"எர்மேத்தே," என்றாள் அவர் மனைவி நீவெஸ், மாவு பிசைந்த கையோடு. "ஜனவரி மாசம். வெளிய பனிமூட்டம் கத்தியால வெட்டி எடுக்கலாம்போல இருக்கு. கழுத்தை மூடிக்கிட்டுப் போ."

"மூடினா ஜலதோஷம்னு அர்த்தம்."

"மூடாம போனா கிறுக்குன்னு அர்த்தம்."

"கிறுக்கனா இருந்துட்டுப் போறேன். நோயாளியா இருக்க மாட்டேன்."

சதுக்கத்தில் அவரைக் கண்டவர்கள் எல்லாரும் வழிவிட்டார்கள். அதுவே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபிக் கடைக்குள் நுழைந்தார். கடைக்காரர் ப்ரீமோ ஒரு வார்த்தையும் கேட்காமல் சூடான பாலில் தேன் கலக்க ஆரம்பித்தார்.

"அது எதுக்கு?"

"கேள்விப்பட்டேன். நெஞ்சுல கட்டியிருக்காமே."

"நெஞ்சுல ஒண்ணும் கட்டல. ஐஸ் குடு."

"ஐஸா?"

"நல்லா நொறுக்கி, மேல எலுமிச்சை சர்பத்தை ஊத்திக் குடு."

ஊரார் ஜன்னலுக்கு வெளியே கூடிவிட்டார்கள். எர்மேத்தே கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, பனிமூட்டத்தின் நடுவே ஐஸை ஒவ்வொரு கரண்டியாகத் தின்றார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு முகத்தைப் பார்த்தார்.

"பாவம்," என்றார் தபால்காரர். "ஜுரம் தலைக்கேறிடுச்சு."

அவ்வளவுதான், எர்மேத்தே இன்னொரு கிண்ணம் கேட்டார்.

புதன்கிழமை காலை அவர் தும்மினார்.

நீவெஸ் தலை நிமிராமல் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். "வந்தாச்சு."

"தூசி."

அடுத்த தும்மலில் அலமாரியிலிருந்த தட்டு நகர்ந்தது.

"பெரிய தூசி," என்றாள் நீவெஸ். "இங்க பாரு, இப்ப நிஜமாவே வந்துடுச்சு. சவொரீனி சொல்றதுல இனி பொய்யே இல்ல. வாயை மூடிக்கிட்டு ஆமான்னு சொல்லு. மானமும் தப்பும், வேஷமும் தப்பும்."

"இப்ப ஆமான்னா சனிக்கிழமையே இருந்துச்சுன்னு ஆயிடும். ரெண்டு நாளா ஊர் நடுவுல நின்னு புளுகினேன்னு ஆயிடும். மாட்டேன்."

"அந்த மோதெனாக்காரப் பையன் பாடட்டும் அப்போ."

எர்மேத்தே மேஜைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்று சேர்த்தார். "நீவெஸ்," என்றார், "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அந்த ஸ்வரத்தை இந்த ஊர்ல நேரா நின்னு பாடிட்டா போதும். அப்புறம் என்னைத் தூக்கி ஆத்துல போட்டாலும் சரி."

அவள் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, தலைக்கு மேல் போர்வையைப் போட்டு ஆவி பிடிக்கவைத்தாள். மூக்கு திறந்தது. காது இரண்டும் பொத்தென்று அடைத்துக்கொண்டன.

அதற்குள் அவர் தும்மின சத்தம் சுவர் தாண்டிப் போய்விட்டது. டெனர் வீட்டுத் தும்மல் அந்த ஊரில் கோயில் மணி மாதிரி. மத்தியானத்துக்குள் மதுக்கடையில் அதுதான் பேச்சு. கேலரிக்காரர்கள் அத்தனை பேரும் மாலையில் சீட்டாடக் கூடுமிடம் அது. அடைத்த காதும் திறந்த சட்டையுமாக எர்மேத்தே நேரே அங்கே போய் நின்றார்.

மூலையில் உட்கார்ந்திருந்தவள் ஆர்ஜியா. சீஸ் கடை வைத்திருக்கிற விதவை. கேலரியின் முதல் வரிசை நடுப்பலகை அவளுடையது. அவள் இரண்டு விரலை வாயில் வைத்தால்தான் மற்றவர்கள் வைப்பார்கள்.

"என்ன தம்பி," என்றாள் ஆர்ஜியா, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஜலதோஷமாமே."

"என்ன?"

"ஜலதோஷமான்னு கேட்டேன்."

"யார் சொன்னது? இந்தா, பாருங்க." அவர் வாயை அகலத் திறந்துகொண்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். "சிவந்திருக்கா? நல்லா கிட்ட வந்து பாருங்க அக்கா."

ஆர்ஜியா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "பல்லு ரெண்டு போயிருக்கு. மத்தபடி தொண்டை தொண்டையாத்தான் இருக்கு."

"நானும் பாக்கணும்," என்றார் கசாப்புக்காரர். தபால்காரர் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். தொழுவத்தில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி ஆளுக்கொருவராய் வந்து பார்த்தார்கள். எர்மேத்தே ஒவ்வொருவருக்கும் முகத்தோடு முகம் வைத்து "ஆ..." என்று நீட்டிக் காட்டினார். நம்பாதவர்களுக்கு இரண்டாவது தடவையும் காட்டினார்.

"குடிக்க முடியுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

கறிச்சூப்பில் சிவப்பு ஒயினை ஊற்றிய பெரிய வெள்ளைக் கிண்ணம் மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு வாய், அதுதான் அங்கே பழக்கம். எர்மேத்தே அதை வாங்கி மடக்கென்று குடித்துவிட்டு அடுத்தவர் கையில் கொடுத்தார். கிண்ணம் சுற்றி மறுபடி வந்தது. மறுபடி குடித்தார். வியாழக்கிழமையும் போனார், வெள்ளிக்கிழமையும் போனார். மூக்கு அரிக்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, சீட்டாட்டத்தை ரசிப்பவரைப் போலச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. அரங்கு நிரம்பி வழிந்தது. திரைக்குப் பின்னால் சவொரீனி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கடைசியாக் கேக்கறேன். உங்க கண்ணு ரெண்டும் முயல் கண்ணு மாதிரி இருக்கு. நான் போய் ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

எர்மேத்தேவுக்கு அவர் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. ஆனால் என்ன சொல்கிறார் என்பதற்குக் காது தேவைப்படவில்லை. மேலாளரைத் தோளைப் பிடித்து நகர்த்தி வைத்துவிட்டு, உப்புக் கடத்தல்காரனின் கிழிந்த கோட்டும் நீண்ட பூட்ஸுமாக அவரே திரையை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

"நான் எர்மேத்தே பொன்ஃபாத்தி," என்றார் மேலே பார்த்து. "பால்காரர் மகன். எனக்கு ஜலதோஷம் இல்ல. போன சனிக்கிழமை உடைஞ்சது என் குரல். இன்னைக்கும் அதே குரலோடதான் வந்திருக்கேன். உடைஞ்சா விசிலடிங்க. பாவம் பாக்காதீங்க. பாவம் பாக்கறவங்க வீட்டுக்குப் போயிடலாம்."

யாரும் போகவில்லை. கேலரி முழுக்க வெள்ளைக் கைக்குட்டைகள் தெரிந்தன. சண்டைக்குக் கொடி கட்டி வந்திருக்கிறார்கள் என்று எர்மேத்தே எண்ணிக்கொண்டார். இருக்கட்டும்.

முதல் அங்கம் போயிற்று, இரண்டும் போயிற்று. காதில் பஞ்சு வைத்தது போலிருந்ததால் வாத்தியங்களின் தாளத்தை அவர் வாத்தியக் குழு நடத்துநரின் கைக்கோலைப் பார்த்தேதான் பிடித்தார். மூன்றாம் அங்கம் வந்தது. தூக்குமேடை, கயிறு, நிலா எல்லாம் தயாராயிருந்தன. நீவெஸ் பக்கத் திரைக்குப் பின்னால் சால்வை நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றாள். சவொரீனி மோதெனாவுக்குத் தந்தி அடிக்கத் தன் அறைக்குப் போய்விட்டார்.

பாட்டு மெல்ல ஏறியது. எர்மேத்தே காலை அகட்டி வைத்தார். நெஞ்சை விரித்தார். கேலரியின் நடுப்பலகையைப் பார்த்துக்கொண்டே அந்த ஸ்வரத்துக்கு வாயைத் திறந்தார்.

எலும்பு அதிர்ந்தது. பல் கூசியது. ஆனால் வந்தது ஸ்வரமா, சனிக்கிழமை வந்த அதே கோப்பையா என்று அவருக்கே கேட்கவில்லை. நடத்துநர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அது பரவசமாகவும் இருக்கலாம், பல்வலியாகவும் இருக்கலாம். எர்மேத்தே விடவில்லை. மூச்சு இருக்கிற மட்டும் பிடித்து நின்றார், மூச்சு தீர்ந்த பிறகும் கொஞ்சம் நின்றார்.

அப்புறம் கேலரி எழுந்தது.

ஒரு விசில் இல்லை. கைகள் பறந்தன, கால்கள் பலகையை உதைத்தன, மேலிருந்து தூசி கொட்டியது. கீழே வெல்வெட் நாற்காலிகள் அண்ணாந்து பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தன. உதைப்பது நிற்கவேயில்லை. மறுபடி பாடு என்று அர்த்தம். அந்த அரங்கில் பல வருஷமாக யாருக்கும் கிடைக்காத மரியாதை அது. எர்மேத்தே மறுபடி பாடினார். மறுபடி அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி எழுந்தார்கள்.

ஒப்பனை அறையில் நாற்காலியில் சாய்ந்ததும், ஐந்து நாளாக அடக்கிவைத்த தும்மல் மொத்தமாக வந்தது. கண்ணாடி அதிர்ந்தது. காது இரண்டும் திறந்துகொண்டன.

"நீவெஸ்," என்றார். "வந்துச்சா?"

"நான் எங்க கேட்டேன்? நீ வாயைத் திறந்ததும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

நடத்துநர் வாசலைத் தாண்டிப் போனார். எர்மேத்தே அவர் கையைப் பிடித்தார். "மாயெஸ்ட்ரோ, உண்மையைச் சொல்லுங்க. வந்துச்சா?"

"கேலரி ரெண்டு தடவை எழுந்து நின்னுச்சு," என்றார் நடத்துநர், சுவரைப் பார்த்தபடி. "அதுக்கு மேல நான் யாரு சொல்றதுக்கு?" கையை உருவிக்கொண்டு போய்விட்டார்.

சவொரீனி ஓடிவந்தார். "மிச்சக் காட்சி எல்லாம் உங்களுக்குத்தான். மோதெனாக்காரனை வரவேண்டாம்னுட்டேன். நான் ஆபீஸ்ல இருந்தேன், ஆனா கட்டடமே ஆடிச்சு."

அப்போது, தலையிலிருந்து இடுப்புவரை சால்வை சுற்றிக்கொண்டு, ஆர்ஜியா படியிறங்கி வந்தாள். எர்மேத்தே எழுந்து நின்றார். இந்த ஒருத்தி சொன்னால் போதும்.

"அக்கா, உங்க வாயால கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும். அந்த ஸ்வரம் வந்துச்சா, உடைஞ்சுதா?"

ஆர்ஜியா கையைக் காதுக்குப் பின்னால் குவித்தாள். "என்ன சொன்ன?"

அவர் இன்னும் உரக்கக் கேட்டார். அவள் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துவிட்டு, கரகரத்த தொண்டையில் சொன்னாள்:

"அது அந்த மாதாவுக்குத்தான் தெரியும் தம்பி. உன் தொண்டையைப் பாத்துட்டு வந்ததுல இருந்து கேலரிக்கே மூக்கும் காதும் அடைச்சுக் கெடக்கு, விசிலடிக்கக்கூட ஒருத்தனுக்கும் மூச்சு இல்ல. நீ நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்ன பாரு, அதுக்குத்தான் தட்டினோம்."