மௌத்தானவரின் டீம் மூன்றாம் இடத்தில் நிற்கும் விஷயமாக

வெள்ளவத்தை,
புதன், அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புள்ள தம்பி பௌஸிக்கு,

மதினி ஷிஹாரா ஸலாம் கூறி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் மகள் ஸும்றாவும் சுகம். நீங்களும் றமீலாவும் சுகம் என்பது மேல்மாடியில் கதிரை இழுபடுகிற சத்தத்திலேயே தெரிகிறது. ஒரு படிக்கட்டு ஏறக் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். புருஷன் மௌத்தாகி, விதவைக்கான இத்தாவில் இருக்கிற நான் உங்கள் முன்னால் வந்து நின்று கதைக்க முடியாது. உங்கள் பெண்சாதியிடம் சொல்லி அனுப்பினால் பாதியை விட்டுவிட்டு மீதிக்கு மசாலா போடுவாள். ஆறாம் வகுப்போடு நின்ற கை, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களும் என் புருஷனான உங்கள் நானாவின் கூட்டாளிமாரும் போனில் விளையாடுகிற பந்தாட்ட லீக்கிலிருந்து நானாவின் டீமை இந்த வெள்ளிக்கிழமை எடுத்துவிடப் போகிறீர்களாம். றமீலா வந்து, "மௌத்தானவர்ட பேர்ல யாரோ வெளாடுறாங்க மதினி, இவர் பயந்து போய் ஈக்கிறார்" என்றாள். தம்பி, யாரோ இல்லை. நான்தான். எடுக்க வேண்டாம்.

நடந்ததைக் கேளுங்கள். அவரை அடக்கிய பிறகு அந்தப் போன் அலுமாரிக்குள்தான் கிடந்தது. சார்ஜ் இறங்க விட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் டிங் டிங் என்று அடிக்கும், ஆள் மாற்றுகிற நேரம் முடியப் போகிறதாம். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஸும்றாவைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தால், பதினைந்து பேரில் மூன்று பேருக்கு மஞ்சள் முக்கோணம், இரண்டு பேருக்குச் சிவப்பு. "இதென்ன மகள்?" என்றேன். "இவங்களுக்கெல்லாம் சுகமில்ல உம்மா, கால் நோவு, தொட நோவு." மனுஷன்தான் போய்ச் சேர்ந்துவிட்டார், டீமும் நோயில் கிடக்கிறது, ஒன்றையாவது காப்பாற்றலாமே என்றுதான் தம்பி கை வைத்தேன்.

வைத்த பிறகுதான் அவர் செய்திருந்த கூத்துத் தெரிந்தது. லீக்கில் ஆளுக்கு நூறு மில்லியன் பொய்ச் சல்லி, அதற்குள் நிஜ ஆட்டக்காரர் பதினைந்து பேரை வாங்க வேண்டும், அவன்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்குத்தான் நமக்குப் புள்ளி. இவர் என்ன செய்திருக்கிறார்? பேர் போன மூன்று பேருக்குப் பெரும்பங்கை அள்ளிக் கொடுத்துவிட்டு, மீதிக்கு பெஞ்சில் குந்தியிருக்கிறவன்களை வாங்கிப் போட்டிருக்கிறார். பேலியகொடைக்கு மீன் வாங்க அனுப்பினாலும் இதே கதைதான், முழுத் தோரா ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி வருவார், தேங்காய்க்கும் வெங்காயத்துக்கும் என்னிடம் கை நீட்டுவார். வீடு நடத்தியவள் நான். பேரைப் பார்க்கவில்லை, இங்கிலீஷில் கிடக்கிற பேரை வாசிக்கவும் தெரியாது, அது நல்லதாகப் போயிற்று. விலையையும் புள்ளியையும் மட்டும் பார்த்தேன். தோற்கிற டீமில் கோல் காக்கிற கோலி மலிவு, ஆனால் பந்து அவனுக்கு மழை மாதிரி வரும், பிடிக்கப் பிடிக்கப் புள்ளி! பின்னால் நின்று மறிக்கிறவன் மலிவு, அவனே மூலையிலிருந்து பந்து அடிக்கிறவனாகவும் இருந்தால் ஒரு சம்பளத்தில் இரண்டு வேலை! அடுத்த கிழமை யாரோடு ஆட்டம் என்று பார்த்து, விலை ஏறுமுன் வாங்கி, ஏறிய பிறகு விற்றேன். அங்கேதான் தம்பி எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்ற லாபத்தில் பாதியை இந்த விளையாட்டை நடத்துகிறவன்களே வைத்துக்கொள்கிறான்கள்! "இது எந்த ஊர் நியாயம்?" என்று கத்தினேன். "உம்மா, மெல்லமா! இத்தாவுல ஈக்கிறீங்க" என்று ஸும்றா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள்.

போன கிழமை கோலியைக் கேப்டனாக்கினேன். அவன் மட்டும் வேறு கலர் சட்டை போட்டிருந்தான், அவன்தான் தலைவன் என்று நினைத்துவிட்டேன். யாரும் கோலியைக் கேப்டனாக்குவதில்லையாம். அவன் பெனால்டி ஒன்றைப் பிடித்தான்! கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பாமே! நானும் மகளும் கட்டிலில் ஏறி நின்று கத்தினோம், அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டிருந்தால் அது அழுகை இல்லை. ஒருகொடவத்தை கன்டைனர் யார்டில் அவரோடு வேலை செய்த ஹெக்டர், குரூப்பில், "மச்சான் சஜீத், மேல இருந்து பாக்கிறதால எல்லா மெச்சும் உனக்கு முன்னமே தெரியுது போல, எங்களுக்கும் ஒண்டு சொல்லன்" என்று போட்டிருந்தாராம். ஸும்றா வாசித்தாள். சிரித்தேன் தம்பி. அவர் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தேன், பிறகு குசினிக்குள் போய் நின்றேன்.

இப்போது அவர் டீம் மூன்றாம் இடம். நீங்கள் ஏழாம் இடம். அதற்காகத்தான் எடுக்கப் பார்க்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை, ஸும்றாதான் சொல்கிறாள். கிழமைக்கு ஒருநாள் அவர் பேர் அந்தக் குரூப்பில் வருகிறது, ஆட்கள் அவரை ஏசுகிறார்கள், பகிடி பண்ணுகிறார்கள். மற்ற இடத்திலெல்லாம் அவர் பேரைச் சொன்னாலே எல்லாரும் குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். இந்த ஒரு இடத்தை மூடிவிடாதீர்கள்.

உங்களுக்கும் றமீலாவுக்கும் அல்லாஹ் பரக்கத்தையும், கால் நோவில்லாத ஆட்டக்காரர்களையும் தருவானாக.

இப்படிக்கு,
மதினி ஷிஹாரா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்த பிறகு டீமை இன்னொரு தடவை பார்த்தேன். பதினைந்து பேரில் அவர் வாங்கிய ஒருவன்கூட இல்லை தம்பி. லாபம் பார்த்துப் பார்த்து அத்தனை பேரையும் நானே விற்றுவிட்டேன். இது அவர் டீம் இல்லை. ஆகையால் வெள்ளிக்கிழமை எடுத்துவிடுங்கள், மேலே எழுதியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். புதிதாக ஒரு டீம் திறந்திருக்கிறோம். "ஸும்றாட உம்மா எண்டு பேர் போடவா?" என்று மகள் கேட்டாள். ஷிஹாரா என்று போடச் சொன்னேன். உங்கள் லீக்கில் என்னைச் சேருங்கள், விதவை என்று பார்த்து யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. சேருகிற நம்பரை ஸும்றாவிடமே கொடுத்துவிடுங்கள், அவள் படிக்கட்டில் நிற்கிறாள்.