பிரெசான் சொன்ன தெரு

ஒரு பிரெஞ்சு விமானப் படையையே தன் வீட்டு வாசலில் வைத்து நடத்திய மனிதர் புதுச்சேரியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் என் பக்கத்து வீட்டில் இருந்தது என் தலையெழுத்து. தெரு அவரைக் கப்பித்தேன் என்று கூப்பிடும். கேப்டன் என்று அர்த்தம். அவர் கேப்டனும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. பிரான்சில் போர் விமானங்களுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தவர். விமானத்தில் பயணியாக ஏறினால்கூட வாந்தி எடுப்பார்.

அவர் இருந்த ஸ்குவாட்ரனை எப்போதோ கலைத்துவிட்டார்கள். விமானங்களைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. கூட இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வேறு யாராவது என்றால் பென்ஷனை வாங்கிக்கொண்டு, கடற்கரையில் நடந்துவிட்டு வந்து நிம்மதியாகப் படுப்பார்கள். இவர் மாதாமாதம் முதல் ஞாயிறு காலை, மாதா கோயில் பூசை முடிந்து வந்த கையோடு, மெடல்களைக் குத்திக்கொண்டு வாசலில் நின்று அட்டெண்டன்ஸ் எடுப்பார். ஒவ்வொரு பெயரையும் சொல்லி, அந்த ஆள் செய்த காரியத்தையும் ஒரு வரியில் சொல்வார். ஸ்குவாட்ரனின் வரலாறு அவ்வளவுதான். செத்துப்போனவனுக்குப் பதிலாகத் தெருவில் ஒருவர் 'பிரெசான்' என்று குரல் கொடுக்க வேண்டும். நம் பள்ளிக்கூடத்து 'உள்ளேன் ஐயா'தான்.

நான் குடிவந்த அன்றே கதவைத் தட்டினார். தண்ணீர் மோட்டார் விஷயமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"தம்பி, இனிமே நீதான் ழில்பேர்."

"யாரு சார் அது?"

"எங்க பைலட்டு. சக்கரத்த எறக்காமலே பிளேன எறக்குனவன்."

"ஏன் அப்படி எறக்குனாரு?"

"மறந்துட்டான்."

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு இவன் ஞாபகம் ஏன் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மீன் விற்கும் செல்வி அக்காவுக்குக் கிடைத்ததோ கொலோனெல், அதாவது கர்னல். எரிகிற விமானத்தைப் பள்ளிக்கூடத்தின் மேல் விழாமல் திருப்பிக்கொண்டு போன வீரர். அன்றிலிருந்து அக்காவின் நடையே மாறிவிட்டது. பெரிய மார்க்கெட்டில் நான்கு பேர் நடுவில் என்னைப் பார்த்தால் போதும், "சக்கரத்த எறக்கிட்டியா சார்?" என்று கேட்பார். கொலோனெலிடம் பேரம் பேச எனக்கு வாயே வராது.

அத்தர் கடை ரஹீம் பாய்க்கு முதலில் ஒதுக்கப்பட்டவன் ஸ்குவாட்ரனிலேயே பெரிய குடிகாரன். பாய் ஒரே பேச்சாக மறுத்துவிட்டார்.

"இந்தாளு நமக்கு ஒத்துவர மாட்டான் கப்பித்தேன். வேற ஆளு குடுங்க."

கப்பித்தேன் ஒரு மாதம் யோசித்துப் படையின் பாதிரியாரைக் கொடுத்தார்.

"சாமியாரா? அது பரவால்ல," என்று பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நின்றார்.

எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு இல்லையா? ஒரு ஞாயிறு, யார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். வெளியே "ழில்பேர்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி "ழில்பேர்". அடுத்த பெயருக்கு நகரவே இல்லை அந்த மனிதர். கடைசியில் செல்வி அக்கா வந்து என் ஜன்னலைத் தட்டினார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிப் படு சார். வஞ்சிரம் வச்ச ஐஸு கரையுது."

கைலியோடு போய்க் கத்தினேன். "செத்தவன் பேரைக் கூப்பிட்டு யாருக்கு சார் என்ன லாபம்?"

கப்பித்தேன் கோபப்படவில்லை. "எங்க ஸ்குவாட்ரன்ல ஒரு வழக்கம் தம்பி. ஒரு பேருக்குக் கொரல் வரலன்னா, படை கலைஞ்சிருச்சுன்னு அர்த்தம். கவர்மெண்ட்டு கலைச்சுது, சரி. என் கையால அது கலையக் கூடாது. எனக்கு அவங்கள விட்டா யாரு?"

பல்லைக் கடித்துக்கொண்டு 'பிரெசான்' சொன்னேன்.

போன வருடம் அவர் மகன் வந்து பிரான்சுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். தெரு மொத்தமும் அழுதது. நானும் அழுதேன், ஆனால் இனி ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம் என்ற சந்தோஷமும் அதில் கலந்திருந்தது.

அடுத்த மாத முதல் ஞாயிறு வீடியோ கால் வந்தது. அங்கே இன்னும் விடியவே இல்லை. மனிதர் புதுச்சேரி நேரத்துக்கு எழுந்து மெடல் குத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எல்லாரையும் வரச்சொல்லு தம்பி. ஆரம்பிக்கலாம்."

வாசலில் எட்டிப் பார்த்தேன். ஈ காக்கை இல்லை. அக்கா மார்க்கெட்டில். பாய் காரைக்காலில் மகள் வீட்டில். மற்றவர்கள் சொந்தக்காரர்களோடு நோணாங்குப்பத்துக்குப் படகு ஏறப் போயிருந்தார்கள். யாரும் இல்லை என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். வைத்தால் படை கலைந்துவிடும், அதுவும் என் கையால். சனியன் என்று சொல்லிக்கொண்டே போனை சீலிங் ஃபேன் பக்கம் திருப்பி வைத்தேன்.

"எல்லாம் வந்தாச்சு சார். ஆரம்பிங்க."

கொலோனெல் என்றதும் செல்வி அக்கா குரலில் 'பிரெசான்' சொன்னேன்.

"என்ன செல்வி, தொண்ட கட்டியிருக்கு?"

"மழையில நனைஞ்சிட்டேன் கப்பித்தேன்."

பாதிரியாருக்கு பாய் மாதிரி லேசாக இருமிவிட்டுச் சொன்னேன். கீச்சுக் குரல், கட்டைக் குரல், மூக்கால் பேசும் குரல் என்று ஒருவரையும் விடவில்லை. ழில்பேருக்கு மட்டும் என் குரல். முடிந்தபோது சட்டை நனைந்திருந்தது.

அவர் போனை வைக்கவில்லை. பட்டியலில் இதுவரை கேட்டிராத ஒரு பெயரைப் படித்தார். என் பெயர். அதற்கும் ஒரு வரி வரலாறு வைத்திருந்தார்.

"ஆள் இல்லாத அன்னிக்கு, ஒத்த ஆளா மொத்தப் படையா வந்து நின்னவன்."

பாவி மனுஷன், முதல் குரலிலேயே கண்டுபிடித்திருக்கிறார். அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். ழில்பேருக்குக் காத்திருந்த மாதிரியேதான்.

போனை முகத்துக்கு நேராகத் திருப்பி, "பிரெசான்" என்றேன்.