மாதாவின் துணியும் என் மெத்தையும்

இந்த லண்டனில் கோணலான எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனுஷி ஒருவர் உண்டென்றால், அது எங்கள் குண்டூசி அன்ரிதான். பஸ்ஸில் முன் சீற்றில் இருக்கும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரரின் கொலரைக்கூட இழுத்து நேராக்கிவிடுவார். அவர் திடுக்கிட்டுத் திரும்பினால், "இப்ப வடிவாயிருக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு யன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

பிளேஸ்டோவில் ஒரு வாடகை வீட்டில் அவருக்கு அடுத்த அறையில் நான் இருந்தேன். பார்சல் டிப்போவில் இரவு ஷிப்ட். காலையில் வீடு திரும்பும்போது எனக்கு வேண்டியிருந்தது என் மெத்தை மட்டும்தான். அன்ரிக்கும் வேண்டியிருந்தது அதேதான்.

அன்ரி கொக்கி ஊசியால் குரோஷே பின்னுவார். பின்னி முடித்ததோடு விடுகிற ஆள் இல்லை.

"பின்னுறது பாதி வேலைதான் பிள்ளை. புளொக் பண்ணாட்டி பொரிச்ச அப்பளம் மாதிரிச் சுருண்டு கிடக்கும்."

அதாவது, பின்னியதை நனைத்து, துவாயில் சுற்றிப் பிழிந்து, அளவுக்கு இழுத்து, ஓரமெல்லாம் குண்டூசி குத்திக் காயவிட வேண்டும். காயும்வரை அசைக்கக்கூடாது. அன்ரியுடையது ஒற்றைக் கட்டில். என்னுடையது, என் கெட்ட காலம், இரட்டைக் கட்டில். தொலைத்துவிடுவேன் என்று அறைச் சாவியொன்றை அவரிடம் கொடுத்து வைத்தவளும் நானேதான். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிய கதை.

சின்னச் சின்ன விரிப்புகளை எப்படியோ சகித்தேன். பிறகு வந்தது பெரிய வேலை. ஊரில் விட்டுவிட்டு வந்த மகனுக்கு விசா கிடைத்தால் மாதா கோயில் பீடத்துக்குத் துணி பின்னிப் போடுவதாக அன்ரி நேர்த்தி வைத்திருந்தார். விசா கிடைத்தே விட்டது. மாதா திருநாளுக்குள் துணி பீடத்தில் ஏறினால்தான் மகன் சுகமாக வந்து சேருவான் என்று நம்பினார்.

ஒருநாள் காலை வந்து பார்த்தால் மெத்தை முழுக்க ஈரத் துணி, சுற்றிவரக் குண்டூசி.

"அன்ரி, நான் எங்க படுக்கிறது?"

"கொஞ்சம் பொறும். பின்னேரம் காஞ்சிடும்."

"வெளியில மழையெல்லோ."

"அப்ப நாளைக்கு."

"கொஞ்சம் கோணலாயிருந்தால் மாதா கோவிக்கவே போறா?"

"விசா தந்தவாவுக்குக் கோணல் துணியோ போடுறது? உமக்கு விசா தந்தது ஆர்?"

எனக்குத் தந்தது ஆர்ச்வே கோயில் முருகன். அதைச் சொல்லி வாதாட உடம்பில் தெம்பில்லை. குசினியில் இரண்டு கதிரைகளைச் சேர்த்துப் போட்டுச் சரிந்தேன்.

துணி காய்ந்தது, ஆனால் விறைப்புப் போதவில்லையாம். ஊரில் பருத்திச் சேலைக்குப் போடுவதுபோல் சோற்றுக் கஞ்சியில் தோய்த்து, திரும்பவும் என் மெத்தையில் குத்தினார். கஞ்சி வாசத்துக்கு எலி வராமல் இருக்குமா? மறுநாள் ஒரு மூலையைக் காணவில்லை. நான் படுக்க முடியாத மெத்தையில் எலி விருந்து சாப்பிட்டிருந்தது.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அன்ரி என் கட்டில் ஓரத்தில், எலி கடித்த இடத்தைப் பிடித்தபடி இருந்தார்.

"அவன் வாறதில ஏதும் பிழைச்சிடுமோ பிள்ளை?"

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"மூலையைத் திரும்பப் பின்னுங்கோ அன்ரி. எலியை நான் பாக்கிறன்."

அவர் பின்னி, கஞ்சியைக் கழுவி, மறுபடி குத்தினார். என் லீவு நாளில், தூங்கி விழுந்துகொண்டு, கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு மாதாவின் துணிக்குக் காவல் இருந்தேன். முருகன் என்ன நினைத்தாரோ தெரியாது.

திருநாளன்று துணி பீடத்தில் ஏறியது. யாரோ புது மூலையின் மேல் பூச்சாடியை வைத்திருந்தார்கள். பாதர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போதே அன்ரி எழுந்து போய் அதை நகர்த்திவிட்டு வந்தார்.

மகனும் சுகமாக வந்து இறங்கினான். விமான நிலையத்தில் அன்ரி முதலில் அவனுடைய கொலரை இழுத்து நேராக்கினார். பிறகுதான் அழுதார்.

இப்போது இருவரும் சவுத்தாலில் இருக்கிறார்கள். அங்கே புளொக் பண்ண நீளமான மேசை இருக்கிறதாம். என் மெத்தை முழுக்க எனக்கே. வேலை முடிந்து வந்து படுக்குமுன் கையால் ஒருதரம் தடவிப் பார்க்கிறேன். குண்டூசி ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் தேடுகிறேன்.